கல்யாணத்துக்குக் கோட்டு: தைக்கவா, வாங்கவா?

ஜூன் 4, மாலை 6.15 (கேள்வி, திருமங்கலத்திலிருந்து)

அண்ணே, ஆவணி கடைசியில எனக்குக் கல்யாணம். மொதநாள் சாயந்தரம் ரிசப்ஷன். கோட்டு சூட்டுக்குன்னு பெண் வீட்டுல இருபத்தஞ்சாயிரம் கையில கொடுத்துட்டாங்க. கூட வேலை பார்க்கிறவன் ரெடிமேடுல ஒன்பதாயிரத்துக்கு முடிஞ்சிரும்ங்கிறான். ஒரு ராத்திரிக்குத்தானே, வாடகைக்கு எடுத்துக்கன்னு மச்சான் சொல்றாரு. அப்பா மட்டும் "அளவு கொடுத்துத் தைச்சாத்தான் அது கோட்டு"ன்னு ஒரே பிடியா நிக்கிறாரு. நான் இதுவரைக்கும் கோட்டே போட்டதில்ல. ஒரு பக்கம் தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும், சட்டையிலயே தெரியும். தைச்ச கோட்டுக்கு நெசமாவே அவ்வளவு மதிப்பு இருக்கா, இல்ல பழைய ஆளுங்க பேச்சா?

ஜூன் 4, இரவு 10.40

தைங்க தம்பி. யோசிக்க வேண்டாம்.

நான் வக்கீல். இருபத்திரண்டு வருடமாக மதுரையில் தினமும் கோட்டு மாட்டுகிறவன். ரெடிமேடு மூன்று, தைத்தது ஐந்து போட்டுக் கிழித்திருக்கிறேன். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தத் தோள்தான் இதில் முக்கியமான சங்கதி. கடையில் தொங்குகிற கோட்டை, இரண்டு தோளும் தராசுத் தட்டு மாதிரி சமமாக இருக்கிற ஆளுக்கு வெட்டுகிறார்கள். அப்படி ஆள் அபூர்வம். பை தூக்கியே ஒரு தோள் இறங்கியவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். இறங்கிய தோளில் அந்தக் கோட்டை மாட்டினால் கழுத்துக்குக் கீழே கோணலாக ஒரு மடிப்பு விழும். பட்டன் போட்டால் அந்தப் பக்கத்து முன்துணி தாழ்ந்து நிற்கும். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளில் கை வைத்தால் கோட்டையே பிரித்துப் போட்ட மாதிரிதான். ஆல்ட்டரேஷன் கடைக்காரர் எவரும் அதை எடுக்க மாட்டார்.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன். காலையில் வாய்தா இருக்கிறது.

ஜூன் 6, இரவு 11.20

அப்பாவின் கோட்டைச் சொல்லாமல் எனக்கு இந்தப் பேச்சு ஓடாது.

அப்பா உசிலம்பட்டிப் பக்கம் வாத்தியார். 1974-ல் அவர் கல்யாணத்துக்கு, பினாங்கில் கடை வைத்திருந்த சின்னத் தாத்தா ஒரு கோட்டுத் துணி கொண்டுவந்தார். கருநீலம், சுத்தக் கம்பளி. டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அப்போதுதான் கடை போட்டிருந்த ஒரு மாஸ்டரிடம் கொடுத்துத் தைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல். ஏழு வருடம் அங்கே குளிருக்கு அந்தக் கோட்டுதான். கீழே இறங்கி வந்தபின் அது அந்துருண்டையோடு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

2004-ல் எனக்குக் கல்யாணம். "புதுசு எடுக்கிறதுக்கு முன்னாடி இதைக் கொண்டுபோய் அவர்ட்ட காட்டு" என்றாள் அம்மா. அதே சந்து, அதே மாஸ்டர். அவர் கோட்டைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. உள்ளே புரட்டினார். பிளேடு எடுத்து முதுகு லைனிங்கை ஒரு சாண் அளவுக்குப் பிரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். நடுத் தையலின் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலத்துக்குத் துணி மடங்கிக் கிடந்தது. முப்பது வருடமாக வெயில் படாத துணி. கோட்டின் வெளிப்பக்கம் சாம்பல் ஓடிப்போன நீலம். உள்ளே இருந்தது, அப்போதுதான் பேனாவுக்கு ஊற்றிய மை மாதிரி நீலம். பக்கத் தையலிலும் அதே மாதிரி. லைனிங்கின் மறுபுறம் பென்சிலில் அவர் கையெழுத்து: 36, 17½, 24.

"உங்கப்பாவுக்கு மாரு முப்பத்தாறு. உனக்கு முப்பத்தெட்டு. தோள் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. தோள் ஒண்ணா இருந்தாப் போதும், மிச்சத்துக்கு அன்னைக்கே துணி விட்டு வச்சிருக்கேன்" என்றார்.

யாருக்கு என்று விட்டீர்கள் என்று கேட்டேன்.

"யாருக்குன்னு தெரியும்? நல்ல துணி. வெட்டிக் கீழ போட மனசு வரல."

பிரித்து விட்டதும் முதுகு நடுவில் கழுத்திலிருந்து இடுப்பு வரை மெல்லிய கருநீல வரி ஒன்று தெரிந்தது. உள்ளே கிடந்த துணி வெளியே வந்த இடம் அது. வேண்டுமானால் கோட்டை முழுக்கப் பிரித்துத் துணியைப் புரட்டித் தைத்துத் தருகிறேன் என்றார் மாஸ்டர். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வதுண்டு. வெளுத்த முகம் உள்ளே போய்விடும், புது முகம் வெளியே வரும், இடது மார்புப் பை மட்டும் வலது பக்கம் மாறிவிடும். புரட்டிய கோட்டை அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். எனக்கு மனம் வரவில்லை. வரியோடேயே போட்டேன். கல்யாணம் முடிந்து கோட்டை மடித்து வைக்கும்போது என் மனைவி அந்த வரியின் மேல் விரலை ஓட்டி, "இது என்ன, இங்க மட்டும் புதுசா இருக்கு?" என்றாள். கோட்டுக்கதை முழுவதையும் அவளுக்கு அப்போதுதான் சொன்னேன்.

தைத்த கோட்டுக்கு மதிப்பு இருக்கா என்று கேட்டீர்கள் தம்பி. என் கணக்கில் அந்த முக்கால் அங்குலம்தான் மதிப்பு. ரெடிமேடில் எந்தத் தையலையும் பிரித்துப் பாருங்கள். மிஷின் ஓடுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு துணிதான் இருக்கும்.

ஜூன் 7, காலை 7.05

திருத்தம். நேற்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்யாணம் 1974-ல் இல்லை, 1976-ல். ஆகவே வெயில் படாத வருடம் முப்பது அல்ல, இருபத்தெட்டு. சின்னத் தாத்தா அந்தத் துணியை முதலில் தனக்காகத்தான் வாங்கினாராம். அப்பாவைப் பார்த்ததும் கொடுத்துவிட்டாராம். இது எனக்கே புதுச் செய்தி.

ஜூன் 11, இரவு 9.50

துணியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது இது.

58 அங்குல அகலத் துணியில் கோட்டு, பேண்ட் இரண்டுக்கும் மூன்றே கால் மீட்டர் எடுங்கள். நல்ல உயரமான ஆளுக்கு மூன்றரை. கடைக்காரர் மூன்று போதும் என்பார். மூன்றில் தைக்கலாம்தான், உள்ளே விடுவதற்குத் துணி இருக்காது. முக்கால் அங்குலக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

"சூப்பர் 120", "சூப்பர் 150" என்று துணிக்கரையில் போட்டிருக்கும். எண் கூடினால் தரமும் கூடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த எண் கம்பளி இழையின் மெல்லிசை மட்டுமே சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழை அதிகபட்சம் 18.75 மைக்ரான், 120 என்றால் 17.75. இழை மெலிய மெலியத் துணி வழுவழுப்பாகும், விலையும் ஏறும், கூடவே உழைப்பும் குறையும். பஸ்ஸிலும் பைக்கிலும் போகிறவனுக்கு 100 போதும். நான் ஒரு முறை ஆசைப்பட்டு 150-ல் கறுப்புக் கோட்டு தைத்தேன். கேஸ் கட்டுகளை இடுக்கிக்கொண்டு நடக்கிற இடத்தில், வலது விலாப் பக்கம், இரண்டே வருடத்தில் தேய்ந்து பளபளத்துவிட்டது.

நம்மூரில் அதிகம் விற்பது பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி. விலை குறைவு, கசங்காது. ஆனால் வேர்வை உள்ளேயே நிற்கும். மேடையில் போகஸ் லைட்டுக்குக் கீழே மூன்று மணி நேரம் நிற்கப் போகிறீர்கள். பணம் இருக்கிறது, மெல்லிசு கம்பளியாக எடுங்கள். கம்பளி என்றதும் போர்வை ஞாபகம் வர வேண்டாம். நெருக்கமில்லாமல் நெய்த கம்பளியில் காற்று உள்ளே போய் வரும், வேர்வையையும் இழுத்துக்கொள்ளும். முதுகுக்குப் பாதி லைனிங் போதும் என்று சொல்லுங்கள். முழு லைனிங் வெப்பத்தைக் கட்டிப்போடும்.

அடுத்தது நெஞ்சு. கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே ஒரு துணி வைப்பார்கள். மலிவான வேலையில் அதைப் பசையால் சூடுபோட்டு ஒட்டுவார்கள். நாலு தடவை டிரை வாஷ் போய் வந்தால் சில கோட்டில் பசை விட்டு, நெஞ்சில் அம்மைக் கொப்புளம் மாதிரி கிளம்பும். பிறகு அதற்கு வைத்தியம் கிடையாது. நல்ல வேலையில் குதிரை முடி கலந்து நெய்த கேன்வாஸை வைத்துக் கையால் நூலோட்டிப் பிடிப்பார்கள். அது போடப் போட உங்கள் நெஞ்சின் வளைவுக்குப் பழகும். சோதிக்க ஒரு வழி: கீழ் பட்டன் காஜாவுக்குப் பக்கத்தில் முன்துணியை ஒரு கையாலும் உள்துணியை ஒரு கையாலும் பிடித்துப் பிரித்து இழுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியே நழுவினால் கேன்வாஸ். முழுக் கேன்வாஸ் கேட்டால் கூலி எகிறும். நெஞ்சுக்கும் காலர் மடிப்புக்கும் மட்டும் கேன்வாஸ், கீழே ஒட்டு, இதுவே உங்களுக்குப் போதும்.

ஜூன் 12, மதியம் 1.30

"மதுரை வெயிலுக்குக் கோட்டா?" என்று ஒருத்தர். நியாயமான கேள்வி. சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டு நிற்கிறவனுக்குத்தான் அதன் பாரம் தெரியும். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது, கோட்டுக்கு மேல் கவுனும் உண்டு. ஆகவே வெயில் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்: உள்ளே பசை ஒட்டிய பாலியெஸ்டர் கோட்டில் பத்து நிமிஷத்தில் முதுகு நனையும், மெல்லிசு கம்பளியில் அந்த ஈரம் காயவாவது செய்யும்.

ஜூன் 20, இரவு 10.15

இதுவரை எழுதியதைப் படித்தால் தைப்பவரெல்லாம் அந்த மாஸ்டர் மாதிரி என்று தோன்றும். அப்படி இல்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

2009-ல் மைத்துனி கல்யாணம். மாஸ்டருக்கு அப்போது கண் ஆபரேஷன். அதனால் ஊருக்குள் பெயர் சொன்ன வேறொரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பன்னிரண்டு நாள் என்றார்கள். ட்ரையல் எப்போது என்று கேட்டதற்கு "எங்க அளவு தப்பாது சார்" என்று பதில். முகூர்த்தத்துக்கு முதல்நாள் மத்தியானம்தான் கோட்டு கைக்கு வந்தது. கையைத் தொங்கப்போட்டு நின்றால் அழகாக இருந்தது. கையைத் தூக்கினால் மொத்தக் கோட்டும் கூடவே ஏறிக் காதைத் தொட்டது. அக்குள் வளைவை ஆழமாக வெட்டிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் அக்குள் பெரிதாக இருந்தால்தான் வசதி என்று நினைப்பார்கள். நேர் எதிர். வளைவு அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால்தான் கோட்டு அசையாமல் கை மட்டும் அசையும். வெட்டிய துணியை இனி ஒட்ட முடியாது. மிச்சத் துணியாவது கொடுங்கள், மாஸ்டரிடம் காட்டி ஏதாவது செய்யலாம் என்றேன். மிச்சமே இல்லை என்றார்கள். நான் எடுத்துக் கொடுத்தது மூன்றரை மீட்டர். அன்று எனக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. நல்ல துணி, எவனுக்கும் ஆகாமல் போய்விட்டதே என்று.

ஆக, இரண்டைக் கேட்டு வாங்குங்கள். நூலோட்டி வைத்து ஒரு ட்ரையல், கை ஏற்றியபின் இன்னொரு ட்ரையல். தைத்து முடித்ததும் வெட்டுத்துணி உங்கள் கைக்கு வர வேண்டும். ஒரு சிகரெட் பொறி பட்டால்கூட அதிலிருந்து எடுத்துத்தான் ஒட்டுப்போட முடியும்.

ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மாஸ்டர்களுக்குக் கை ஓய்வாக இருக்கும். அப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஜூலை 2, இரவு 11.45

மனதில் அரித்துக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். முதல் நாள் "யோசிக்க வேண்டாம்" என்று சொன்னது அவசரம்.

நேற்று என் ஜூனியர் ஒருவன் கேட்டான்: "நீங்க தினமும் போடுறீங்க சார். அந்தத் தம்பி ஒரு ராத்திரி போட்டுட்டுப் பீரோவுல வைக்கப் போறாரு. அதுக்கு எதுக்கு கேன்வாஸ்?" எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. கண்ணாடிக்கல் வைத்த மெரூன் கோட்டு, கழுத்தில் ஜரிகை, அப்படி ஒன்றைத்தான் தைக்கப் போகிறீர்கள் என்றால் வாடகைக்கே எடுங்கள். அதை இரண்டாம் முறை எங்கே போடுவீர்கள்? அந்த மாதிரிக் கோட்டுக்குள் முக்கால் அங்குலம் விட்டும் பயனில்லை.

தைப்பதானால் கருநீலம் அல்லது கரும்சாம்பல். கோடு, கட்டம், மினுமினுப்பு எதுவும் வேண்டாம். அப்போது அது வளைகாப்புக்கும் வரும், இன்டர்வியூவுக்கும் வரும், பேண்ட் தனியாக ஆபீசுக்கும் போகும். பேண்டின் பின்தையலில் ஒன்றரை அங்குலமும் கால் மடிப்பில் இரண்டு அங்குலமும் விடச் சொல்லுங்கள். கல்யாணம் ஆன வருடத்தில் இடுப்பு நிச்சயம் ஏறும், விருந்து அப்படி.

ரெடிமேடையும் நான் அடியோடு தள்ளவில்லை. நாலு கடை ஏறி இறங்கி, தோள் சரியாக அமைந்துவிட்டால், கை நீளம் இடுப்பு இரண்டையும் பிடித்து ஐந்நூறு, ஆயிரத்தில் நல்ல கோட்டாக்கிவிடலாம். தோள் நேராக இருக்கிற ஆளுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். உங்கள் தோளுக்கு முடியாது.

பெண் வீட்டுப் பணம் என்றீர்கள். மிச்சம் பிடித்தால் திருப்பிக் கொடுக்க முடியாது, அவர்கள் முகம் வாடும். முழுதையும் நல்ல துணியில் போடுங்கள். பிற்பாடு மாமனார் அதே கோட்டை உங்கள் மேல் திரும்பத் திரும்பப் பார்ப்பார் பாருங்கள், அது அவருக்குச் சந்தோஷம்.

ஜூலை 5, காலை 6.40

"ரெடிமேடு கோட்டே மதுரையிலிருந்துதானே வந்தது, மதுரா கோட்ஸ்" என்று ஒரு நண்பர். பாதி சரி, பாதி வேடிக்கை.

அந்தக் 'கோட்ஸ்' போடுகிற கோட்டு இல்லை. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி ஊரில் தையல் நூல் ஆலை நடத்திய குடும்பத்தின் பெயர். நம்மூர் ஹார்வி மில், அதாவது மதுரா மில்ஸ், 1974-ல் அவர்களோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. சின்ன வயதில் நானும் அங்கே கோட்டு தைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மாஸ்டரின் மேஜை டிராயரில் கிடந்த நூல்கண்டில் அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

பாதி சரி என்றது எதற்கென்றால், 1988-ல் அதே நிறுவனம் மதுரா கார்மென்ட்ஸ் என்று ஒரு பிரிவு தொடங்கியது. லூயி பிலிப் 1989-ல், வான் ஹியூசன் 1990-ல், ஆலன் சோலி 1993-ல், பீட்டர் இங்கிலாந்து 1997-ல் இந்தியாவில் வந்தது அந்தப் பிரிவு வழியாகத்தான். 1999-ல் ஆதித்ய பிர்லா குழுமம் அதை வாங்கியது. நாடு முழுக்க ஆபீஸ் போகிறவர்களை அளவு கொடுக்கும் பழக்கத்திலிருந்து ரெடிமேடுக்குத் திருப்பியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் பெயரில் நம்மூர் இருக்கிறது. மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, "நூலும் அவங்கதே, போட்டியும் அவங்கதே" என்றார்.

ஜூலை 28, மாலை 5.30

ஆடித் தள்ளுபடி. விளக்குத்தூணிலிருந்து பத்துத்தூண் சந்து வரை கால் வைக்க இடமில்லை. தம்பி துணி எடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்: கரும்சாம்பல், மூன்றரை மீட்டர். சந்தோஷம்.

அந்தப் பக்கம் போனதால் குன்னத்தூர் சத்திரத்துக்குள்ளும் நுழைந்தேன். மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையற்காரர்களை இங்கேதான் மாற்றியிருக்கிறார்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் காலியானது நல்லதுதான், எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் இல்லாமல் அந்தத் தூண்கள் மூச்சு விடட்டும். ஆனால் கல் யாளிக்குக் கீழே வரிசையாகத் தையல் மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவனுக்குக் காது தேடத்தான் செய்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகருக்கு நேர்த்திக்கடனாகத் திரி எடுக்கிறவர்கள், தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் சல்லடமும் (குட்டைக் கால்சட்டை) தலைப்பாகையும் வாங்க அங்கேதான் வருவார்கள். வருடத்தில் சில நாளே உடுத்துகிற உடை, ஆனாலும் பார்த்துப் பார்த்து வாங்கி, நேர்த்தி முடியும் வரை பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒரு நாள் உடுப்புக்கு எதற்கு இவ்வளவு என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஜூலை 2-ல் நான் எழுதியதற்கு இது கொஞ்சம் எதிராகப் போகிறது, தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு நாளுக்கென்றே தைப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, இரவு 10.00

இன்று ட்ரையல். தம்பி என்னையும் கூப்பிட்டிருந்தார். முதல் முறை நேரில் பார்த்தோம். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். இனி "நீ" என்றே எழுதுகிறேன், அவரே கேட்டுக்கொண்டார்.

கோட்டுக்கு ஒரு கைதான் இருந்தது. மேலெல்லாம் வெள்ளை நூல் நீள நீளமாக ஓடிக் கிடந்தது. மாஸ்டர் உன் முன்னால் நிற்கவே இல்லை, கவனித்தாயா? பின்னால் போய் நின்று கழுத்தடியைத்தான் பார்த்தார். கோட்டுக் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. அங்கே துணியைக் கிள்ளிப் பிடித்துச் சாக்பீஸால் ஒரு கீறல். அப்புறம் வலது தோளில் உள்ளங்கையை வைத்து ஒரு நொடி அப்படியே நின்றார். டேப்பை எடுக்கவில்லை. "கால் அங்குலம் எறக்கம்" என்று பையனிடம் சொன்னார். வலது பக்கப் பேடுக்குள் ஒரு மடிப்புப் பஞ்சு கூடுதலாக வைத்தார்கள். அந்தக் கோணல் மடிப்பு உன் முதுகிலிருந்து தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்து போனது. நீ கண்ணாடியில் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய், நான்தான் பார்த்தேன்.

கடைசியில் அவர் சொன்னது எனக்குப் பிடித்தது. "பொண்ணுக்கு மாலை போடுற மாதிரி ரெண்டு கையையும் தூக்கு." தூக்கினாய். கோட்டு நின்ற இடத்திலேயே நின்றது. பதினைந்து வருடத்துக்கு முன் அந்தக் கடையில் யாராவது என்னை இப்படிக் கை தூக்கச் சொல்லியிருக்கலாம்.

கை நீளம் மணிக்கட்டு எலும்போடு நிற்கட்டும், சட்டை அரை அங்குலம் வெளியே தெரியட்டும். கீழ் பட்டனைப் போடாதே, அது போடுவதற்கு வைத்தது இல்லை.

செப்டம்பர் 9, காலை 8.20

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மேடையில் பார்த்தவர்கள் யாரும் "கோட்டு நல்லாருக்கு" என்று சொல்லவில்லை. "மாப்பிள்ளை ஜம்முன்னு இருக்காரு" என்றார்கள். கூலி ஏழாயிரம், துணி பதினைந்தாயிரம் என்று தம்பி கணக்குப் போடச் சொன்னார், போட்டாயிற்று. மிச்சம் மூவாயிரத்தில் ஷூ.

செப்டம்பர் 22, இரவு 9.30

இன்று இந்தத் தேதிக்காக ஒருத்தர் கேட்டிருக்கிறார்: காந்தி சட்டையைக் கழற்றிய ஊரில் உட்கார்ந்து கோட்டைப் பற்றி இவ்வளவு எழுதலாமா?

கேட்க வேண்டிய கேள்விதான். மாஸ்டர் கடையிலிருந்து மேலமாசி வீதி நடக்கிற தூரம். 251 எண் வீட்டில் 1921 செப்டம்பர் 21 இரவு தங்கியவர், மறுநாள் காலை முழங்காலுக்கு மேல் ஒரு துண்டு வேட்டியோடு வெளியே வந்தார். அக்டோபர் 31 வரைக்காவது இப்படி என்றுதான் முதலில் சொன்னார். பிறகு சாகும் வரை அதுவே ஆனது. அந்த உடையில் அவர் முதலில் மக்கள் முன் வந்த காந்தி பொட்டல் காமராஜர் சாலையில் இன்னும் இருக்கிறது. கதர் உடுத்தச் சொன்னபோது, வாங்க எங்களிடம் பணம் இல்லை என்று ஏழைகள் சொன்னதுதான் காரணம். இதே மனிதர் லண்டனில் படித்தபோது பம்பாயில் தைத்த உடை அங்கே சரிவராது என்று பாண்டு ஸ்ட்ரீட்டில் பத்துப் பவுண்டுக்கு மாலை நேர உடை தைத்துக்கொண்டதையும், அது வீண் செலவு என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆக, தைத்த கோட்டின் சுகம் அவருக்குத் தெரியாததில்லை. தெரிந்தே விட்டார்.

கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அந்த வீட்டைத் தாண்டும்போது எனக்குக் கூச்சம் வரும், பல தடவை வந்திருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. கோட்டுக்காக வாதாடலாம், அவருக்கு எதிராக வாதாட எனக்கு மனம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரு கோட்டு எடுத்து, மூன்றாம் வருடம் குப்பைக்குப் போடுகிறோமே, அதைத்தான் அந்த வீட்டு வாசலில் நின்று முதலில் யோசிக்க வேண்டும். அப்பாவின் கோட்டு ஒன்று, நாற்பத்தெட்டு வருடம்.

அக்டோபர் 13, மாலை 7.10

இந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன், ஒன்றை எழுதாமல் முடியவில்லை.

மகள் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பயிற்சி நீதிமன்றத்துக்குக் கறுப்புக் கோட்டு வேண்டும். பெண்களுக்கென்று கடையில் தொங்குவதை இரண்டு நாள் பார்த்தோம். ஒன்றிலும் பேனா வைக்கப் பை கிடையாது, எல்லாம் வெறும் மூடி. என்னுடைய முதல் கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு அவளோடு மாஸ்டரிடம் போனேன். பிரித்து அவளுக்கு ஆக்கலாம் என்று ஆசை. அவர் கைதான். முக்கால் அங்குலம் உள்ளே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இருந்தது. பிளேடால் பிரித்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முழங்கை, அக்குள், விலா மூன்று இடத்திலும் வெளிச்சம் ஊசி ஊசியாக உள்ளே வந்தது.

"இது உழைச்சு முடிஞ்சிருச்சு வக்கீலய்யா. உள்ள உள்ளதை வச்சு இதைக் காப்பாத்த முடியாது. பாப்பாவுக்குப் புதுசா வெட்டுவோம். பட்டனை மட்டும் எடுத்துக்கறேன், நல்ல பட்டன்."

அளவு நோட்டை எடுத்தார். என் பக்கத்தில் 2002-லிருந்து நாலு வரி, ஒவ்வொரு வரியிலும் இடுப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. அதற்குக் கீழே இடம் இருந்தது. பென்சிலை மகளிடம் நீட்டினார்.

"கண்ணு சரியா தெரியல. நான் சொல்லச் சொல்ல நீயே எழுதும்மா. தோள் பதினாலேமுக்கால்."

எழுதினாள்.